கரீமுல்லாவின் ஒரு செம்புத் தண்ணீர்

செம்பைச் சாய்த்தாகிவிட்டது. இனி கொஞ்ச நேரத்துக்குக் கரீமுல்லா மேஸ்திரியிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கல்யாண வீட்டு முற்றம், பந்தலில் நூறு பேர், பிரியாணி வாசனை, வாசலில் மாப்பிள்ளை குதிரையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். அதெல்லாம் மற்றவர்களுக்கு. இவர் குந்தி உட்கார்ந்து, அது போதாதென்று இடக் கையைத் தரையில் ஊன்றி, கன்னம் தரையில் உரசும் அளவுக்குக் குனிந்து, தான் ஊற்றிய தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறதென்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் இரண்டு சாண் ஓடியது, நின்றது, பிறகு மெதுவாகச் சமையல் கொட்டகைப் பக்கம் திரும்பியது.

"பாத்தியா, பாத்தியா! எவன்டா போட்டான் இந்தத் தரைய? மழை வந்தா நேரா அடுப்புலதான் போயி குந்தும் தண்ணி. இவனையெல்லாம் மேஸ்திரின்னு கூப்ட்டு வெத்தலை பாக்கு வேற வச்சிருப்பானுங்க!"

அவர் மனைவி குல்சும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பல்லைக் கடித்தாள். "வந்த எடத்துல மானத்த வாங்காதீங்க. எல்லாரும் மாப்பிள்ளைய பாக்கறாங்க, நீங்க இன்னாடான்னா தரைய பாத்துக்கினு கீறீங்க."

"மாப்பிள்ளை எங்கியும் ஓடிட மாட்டான். தண்ணி ஓடும்" என்றார் கரீமுல்லா, தலையைத் தூக்காமலே.

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறார். ஐம்பதை ஒட்டிய வயது. நெற்றியில் தொழுகையின் தழும்பு ஒன்று, முழங்கால்களில் தொழிலின் தழும்பு இரண்டு. தாடிக்கு மருதாணி போடுவார். மீசை வைப்பதில்லை. தோளில் ஒரு சாக்குப் பை தொங்கும். அதற்குள் ரசமட்டம், நூல் உருண்டை, ஒரு கரணை, கழுத்து நசுங்கிய பித்தளைச் செம்பு. மற்ற மேஸ்திரிகள் செம்பைக் குடிக்கத்தான் எடுத்துப் போவார்கள். இவர் ஊற்றத்தான் எடுத்துப் போகிறார். எந்த வீட்டுக்குப் போனாலும், கூப்பிட்ட வீடானாலும் கூப்பிடாத வீடானாலும், முதல் காரியம் அதுதான்.

கோபம் இவருக்கு மூக்கு நுனியில் இல்லை, உள்ளங்காலில் இருக்கிறது. சரியில்லாத தரையில் கால் பட்டதும் ஏறிவிடும். அதில் நியாயம் இல்லையென்று சொல்லிவிட முடியாது. இந்தப் பட்டணத்துப் பெரிய மனிதர்கள் வீடு கட்டுகிற அழகைத்தான் பார்க்கிறோமே! தேக்கு நிலைக்கு பர்மாவிலிருந்து மரம் வந்ததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். கூடத்துக் கண்ணாடி விளக்கைப் பற்றி இன்னொரு மணி நேரம். தரை என்று வந்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று அவசரம் வந்துவிடும்.

"'ரெண்டு நாள்ல போட்டுடு மேஸ்திரி'ங்கறான். ரெண்டு நாள்ல தாடி வளரும், தரை வளருமா? மேல கீறத மட்டும் பாக்கறானுங்க. கீய இன்னா கீதுன்னு ஒருத்தன் கேக்கறானா? மேல நான் வைக்கறது கல்லு. தரைன்றது கீய கீறது" என்பார் கரீமுல்லா.

கீழே இருப்பதைக் கவனிக்கிற ஆள் வெள்ளைச்சாமி. ராமநாதபுரம் பக்கத்துக்காரன், பேச்சு குறைவு, தோள் அகலம். முழங்கால் ஆழத்துக்குக் களிமண்ணைத் தோண்டிக் கொட்டிவிட்டு, உடைகல்லும் சரளையும் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடிப்பது அவன் வேலை. நாலு விரல் கனம் பரப்பி இடித்த பிறகுதான் அடுத்த நாலு விரல். எல்லாவற்றையும் ஒரே தடவையாகக் கொட்டி மேலாக இரண்டு தட்டுத் தட்டுகிற ஆட்களைக் கண்டால் கரீமுல்லாவுக்கு ஆகவே ஆகாது. அவர் பத்தடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி பிடிப்பார். பார்க்க மாட்டார், காதால் கேட்பார். "தொப்பு தொப்புன்னுதே வெள்ளை, மண்ணு இன்னும் தூங்கிக்கினு கீது. டங்குன்னு சொல்ற வரைக்கும் வுடாதே." டங்கென்று சொன்னதும் எழுந்து வந்து குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. குதிகால் வலித்தால் தரை நல்ல தரை.

அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்கு ஆற்று மணல். கட்டையால் இழுத்து மட்டம் செய்த பிறகு அந்த மணலில் காக்கை உட்காரக்கூட அனுமதி கிடையாது. மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டில், வக்கீலே தெரியாமல் நடு மணலில் கால் வைத்துவிட்டார். "எடுக்காதீங்க! வச்ச கால அப்படியே வைங்க!" என்று கத்தி, பலகை கொண்டுவந்து போட்டு அவரை இறக்கும்வரை ஒற்றைக் காலில் நிறுத்தினார் கரீமுல்லா. கோர்ட்டில் நீதிபதிக்கே பயப்படாத மனிதர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார்.

கல் மட்டும் இவருடைய சொந்தக் கல். யுத்த காலத்தில் பட்டாளத்து லாரிகள் நிற்கிற திடலுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார். அங்கே சதுரக் கல்லாகப் பாவியிருந்த தரையில் லாரி திரும்பும்போதெல்லாம் வரிசை வரிசையாகக் கல் நகர்ந்ததைப் பார்த்தார். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டுமென்று உட்கார்ந்து அதையே பார்த்தார். பிறகு ஈர மணலில் விரலால் ஒரு கல் வரைந்தார். ஆறு பக்கம். மூன்று பக்கத்தில் பல் மாதிரி ஒரு புடைப்பு, மற்ற மூன்றில் அந்தப் பல் உட்காரப் பள்ளம். கொல்லனைப் பிடித்து இரும்பில் அச்சு அடித்து, சிமிட்டியும் பொடி ஜல்லியும் கலந்து வார்த்து, ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்து எடுத்தார்.

"ஒண்ண தள்ளுனா ஆறு பேரு 'ஏன்டா அவன தள்ற'ன்னு கேக்கணும். அதான் என் கல்லு" என்பார்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமிட்டி பூசச் சொன்னால் எழுந்து போய்விடுவார். காய்ந்த பொடி மணலைத் துடைப்பத்தால் கூட்டி இடுக்கில் இறக்கி, மேலே பலகை வைத்துத் தட்டினால் போதும். சுற்றிலும் கரைக்கல்லைக் காங்கிரீட்டில் இறுக்கி நிறுத்திவிட்டால் ஒரு கல்கூட அசையாது. நாளைக்குக் குழாய் புதைக்க வேண்டுமென்றால் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். இதையெல்லாம் எத்தனையோ வீடுகளில் சொல்லிப் பார்த்தார். சிமிட்டிக்கே பெர்மிட்டுக்கு அலைகிற காலத்தில் ஒரு முரட்டு மேஸ்திரியின் பல் வைத்த கல்லை யார் வாங்குவார்கள்? அச்சு அவர் கட்டிலுக்கடியில் துருவேறிக்கொண்டு கிடந்தது.

சுதந்திரம் வந்து இரண்டாவது தீபாவளி நெருங்கும்போது தியாகராய நகரிலிருந்து ஆள் வந்தது. பாண்டி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருக்கிற திருநெல்வேலி நல்லசிவம் பிள்ளை புதிதாக வாங்கிய வீட்டின் பக்கவாட்டு முற்றம், முப்பதடி நீளம். பெர்மிட் இருக்கிறது. அந்தக் கல்லைப் போட்டுக் காட்டச் சொல்லுகிறார். கரீமுல்லா அன்றைக்கு இரண்டு தடவை தாடியைச் சீவிக்கொண்டார்.

வீட்டுக்கு மேற்கே ரோடு, ரோட்டோரம் சாக்கடை. முற்றம் அங்கிருந்து வீட்டை ஒட்டிக் கிழக்கே போய், கொல்லையில் வடகிழக்கு மூலையில் ஒரு பழைய ஓட்டு அறை வாசலில் முடிகிறது. செம்பை ஊற்றிப் பார்க்கவே தேவையில்லை. தண்ணீரை மேற்கே விட வேண்டும் என்று குழந்தைகூடச் சொல்லும். நல்லசிவம் பிள்ளை சொல்லவில்லை.

"வடகிழக்குக்குப் போகணும் பாய். ஈசானியம். அந்த மூலைல ரூமு நிக்குல்லா, அதான் இந்த வீட்டுக்குத் தோஷம். இடிக்கவும் முடியல, முந்தின வீட்டுக்காரரு காலத்துலேருந்து ஒரு வாத்தியாரம்மா குடியிருக்காக. தண்ணியாவது அங்கன போனா தோஷம் கழியும்னு வாஸ்து பாக்குறவரு சொல்லிட்டாரு."

"மொதலாளி, சாக்கடை மேக்கால கீது. தண்ணிக்குப் பள்ளம் தெரியும், மூலை தெரியாது. அங்க போயி அது இன்னா செய்யும்?"

"ஒரு குழி வெட்டிருவோம். பூமி குடிச்சிரும்."

"இது ஏரி மொதலாளி! என் நைனா காலத்துல இங்க மீன் புடிச்சாங்க. ஏரிக் களிமண்ணு குடிக்குமா? குடிச்சத வாந்தி எடுக்கும்!"

அரை மணி நேரம் கத்தினார். பிள்ளை கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக ஒரு வார்த்தை சொன்னார். "இந்தத் தரை நல்லா அமைஞ்சுதுன்னா, தீவாளி கழிச்சுக் கடை வாசல் பூரா ஒம்ம கல்லுதான் வேய்."

பாண்டி பஜாரில், நாற்பதடி வாசலில், ஒரு நாளைக்கு ஆயிரம் கால்கள் மிதிக்கிற இடத்தில் அவருடைய கல்! இருபது வருஷமாக ஊரில் உள்ள தரையையெல்லாம் திட்டித் தீர்த்த மனிதர், அறை வாசல்படியை ஒரு தடவை பார்த்தார். நாலு விரல் உயரம் இருந்தது. போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாசலில் தொங்கிய சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை. யார் இருக்கிறார்கள் என்று கேட்கவும் இல்லை. பார்த்திருந்தால் கடை வாசல் போய்விடுமே!

பத்து நாளில் தரை முடிந்தது. வேலை என்னவோ முதல் தரமான வேலை. பல் பள்ளத்தில் உட்கார்ந்து, கத்தி முனை நுழையாமல், முப்பதடிக்கும் ஒரே தகடாகக் கிடந்தது. தெருவில் போனவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கரீமுல்லா வழக்கம்போல் மேற்குக் கோடியில் செம்பைச் சாய்த்தார், தண்ணீர் அழகாகக் கிழக்கே ஓடியது. பெரிய வேலை முடிந்தால் ஒரு செம்பு போதாது, பத்துக் குடம் விடுவது அவர் பழக்கம். வெள்ளைச்சாமி கிணற்றில் இறைத்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான்.

ஆறாவது குடத்தில் குழி நிறைந்துவிட்டது. ஏரி மண் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. ஏழாவது குடம் வாசலில் தேங்கியது. புதுத் தரை மூன்று விரல் உயர்ந்து, நாலு விரல் படி ஒரு விரல் படியாகிவிட்டதை அப்போதுதான் பார்த்தார். இருபது வருஷ மேஸ்திரி! அதுவும் அந்தப் படி நடுவில் மிதிபட்டுத் தேய்ந்திருந்தது. எட்டாவது குடத்துத் தண்ணீர் அந்தத் தேய்ந்த இடத்தைத் தேடிப் பிடித்து உள்ளே போயிற்று.

"விசாலம்..." என்று உள்ளேயிருந்து ஒரு குரல். குழறிய, பலமில்லாத ஆண் குரல். "விசாலம்... தண்ணி..."

கரீமுல்லா திரையை விலக்கினார். தரையில் பாய், பாயில் ஒரு மனிதர். வலப் பக்கம் முழுவதும் செத்துக் கிடந்தது. பாயின் கால்மாடு நனைந்து, தண்ணீர் வேட்டியில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் இடக் கையால் தரையை உந்தி உந்தி நகரப் பார்க்கிறார், ஒரு அங்குலம் நகரவில்லை. கண் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்த வாத்தியாரம்மா விசாலாக்ஷி அம்மாள் ஓடிவந்தாள். அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. "நா வரட்டாமா?" என்று படிக்கு வெளியிலிருந்தே கேட்டார் கரீமுல்லா. "வேண்டாம், எனக்குப் பழக்கந்தான்" என்று சொல்லி, பாயின் தலைமாட்டை இரண்டு கையாலும் பிடித்து, மனிதரோடு சேர்த்து உள்சுவர்ப் பக்கம் இழுத்துவிட்டாள். பிறகுதான் மூச்சு வாங்கினாள்.

"கட்டில்லேருந்து ரெண்டு தரம் விழுந்துட்டார், அதான் கீழயே படுக்கை. சுவரோரம் ஓதம், அதனால வாசல் பக்கம் போட்டிருக்கேன். காத்தால பள்ளிக்கூடம் போனா நாலு மணிக்குத்தான் ஆத்துக்கு வருவேன் மேஸ்திரி. ஐப்பசி மழை பகல்ல பிடிச்சுண்டா என்ன பண்றதுன்னு தெரியலை. இவர் குரல் கெணத்தடிக்கே கேக்காது." அவள் திட்டவில்லை. முந்தானையால் கணவர் பஞ்சாபகேசனின் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். திட்டியிருந்தால் கரீமுல்லா பதில் சொல்லியிருப்பார்.

கையில் செம்போடு அப்படியே பாண்டி பஜாருக்கு நடந்தார். தீபாவளிக் கூட்டம், கடையில் நிற்க இடமில்லை. சேலை விரித்துக்கொண்டிருந்த நல்லசிவம் பிள்ளை முன்னால் போய் நின்று, உள்ளே ஒரு மனிதர் கிடப்பதையும் தண்ணீர் ஏறியதையும் சொன்னார். மூன்று நாளில் மாற்றிவிடலாம் என்றும் சொன்னார்.

"வியாபார நேரத்துல என்ன பேச்சு பாய்? மழைன்னா நாலு சொட்டு உள்ள வரத்தான் செய்யும்" என்றார் பிள்ளை. சேலையை மடித்தபடியே குரலைத் தாழ்த்தி, "சிரமமா இருந்தா வேற வீடு பாத்துக்கிடட்டும். நாமளா வேண்டாங்கோம்? குடியிருக்கவுகள எழுப்பக் கூடாதுன்னு சட்டம் போட்டு நம்ம கையக் கட்டி வச்சிருக்கான், தானா போனா நல்லதுதான" என்றார்.

ஈசானியமும் தோஷமும் எங்கேயிருந்து வந்தன என்று அப்போது விளங்கியது. கரீமுல்லாவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"மொதலாளி! தண்ணிய ஊத்தி வெளிய வெரட்டறது எலிய! கை கால் வராத மனுசன இல்ல! அத்த என் கல்ல வச்சி செய்ய சொன்னியா? என் கல்ல வச்சி?"

சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். பிள்ளையின் முகம் இறுகிற்று. "தரை போட்டாச்சு. அதுல கை வச்சீருன்னா, கடை வாசல மறந்துரும். போயிட்டு வாரும்."

வீட்டுக்குப் போனார், சோற்றில் கை வைக்கவில்லை. குல்சும் எதிரே உட்கார்ந்து விஷயத்தைப் பிடுங்கினாள். "எவன்டா போட்டான், எவன்டா போட்டான்னு ஊரெல்லாம் கேட்டுக்கினு திரிஞ்சேன் குல்சும். கல்யாண வூட்டக்கூட வுடல. இத்த எவன் போட்டான்? நாந்தான் போட்டேன். பேராசை புடிச்ச நாய், நாந்தான்."

குல்சும் கேட்டாள்: "சிமிட்டி வச்சா பூசுனீங்க? மணல்தானே? எடுத்தா வராதா?"

கரீமுல்லா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் காலை பிள்ளை கடைக்குப் போன கையோடு இவரும் வெள்ளைச்சாமியும் முற்றத்தில் இறங்கினார்கள். மேற்குக் கரைக்கல்லைக் கடப்பாறையால் பெயர்த்தார்கள். முதல் கல்தான் வம்பு செய்தது. அது வந்ததும் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகக் கையோடு வந்தன, மூளியில்லாமல். பிள்ளையின் மனைவி முத்துலட்சுமி சத்தம் கேட்டு ஓடிவந்து தலையில் கை வைத்தாள்.

"என்ன பாய் இது! சொந்தக்காரங்கள்லாம் ஊர்லேருந்து வர நேரத்துல, நல்லாருந்த தரையப் பேத்துப் போட்டிருக்கீக?"

கரீமுல்லா இன்னும் பெயர்க்காத கல்லின்மேல் செம்பைச் சாய்த்தார். "தண்ணி கூடவே நடந்து போங்கம்மா. எங்க நிக்குதுன்னு பாருங்க."

அவள் நடந்தாள். அறை வாசலில் தண்ணீர் நின்றது, அவளும் நின்றாள். திரையை விலக்கி உள்ளே பார்த்தாள். எட்டு மாதமாக ஒரே காம்பவுண்டில் இருக்கிறவள், முதல் தடவையாகப் பார்த்தாள். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"எத்தன நாளு ஆகும்?"

"மூணு."

"அவுக வெடியக்காலம் போயி ராத்திரிதான் வாராக, இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாக. ஆனா தீவாளியன்னைக்கு எண்ணெ தேச்சுக் குளிக்கக் கெணத்தடிக்கு வருவாக. அதுக்குள்ள முடிச்சிரணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "தோஷம்னு ஒண்ணு இருந்தா எந்தலைல விழட்டும்."

அந்த மூன்று நாள் கரீமுல்லா யாரையும் திட்டவில்லை. அதுதான் வெள்ளைச்சாமிக்குப் பயமாக இருந்தது. அறை வாசலில் படியிலிருந்து நாலு விரல் கீழே இறக்கி, அங்கிருந்து ரோடுவரை தண்ணீர் சரிந்து ஓட கெஜத்துக்கு ஒரு விரல் வாட்டம் என்று நூல் கட்டினார்கள். தோண்டிய மண்ணைச் சுமந்தார்கள். மூலையில் வெட்டிய குழியில் உடைகல் நிரப்பி, வெள்ளைச்சாமியிடமிருந்து திமிசுக்கட்டையை வாங்கிக் கரீமுல்லாவே இடித்தார், டங்கென்று சொன்ன பிறகும் இடித்தார். இரண்டாம் நாள் மத்தியானம் தூறல் விழுந்தபோது, மட்டம் செய்த மணல் கெட்டுவிடாமல் மூட முத்துலட்சுமி ஜவுளி மூட்டைச் சாக்குகளை அள்ளிக்கொண்டு வந்து போட்டாள். மணலில் கால் வைக்காமல், ஓரத்திலிருந்தே வீசிப் போட்டாள். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் கடைசிக் கரைக்கல் உட்கார்ந்தது.

தீபாவளியன்று கொட்டோ கொட்டென்று மழை கொட்டியது. தலையில் எண்ணெய் சொட்டச் சொட்டக் கிணற்றடிக்கு வந்த நல்லசிவம் பிள்ளை, தன் வீட்டுத் தண்ணீர் ஈசானியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாக்கடைக்குப் போவதைப் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் வெடிச் சத்தம் கேட்கவில்லை என்று வெள்ளைச்சாமி சொல்லுகிறான். சத்தம் போட்டு என்ன? திரும்ப மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கல்லை எடுத்துக் கோக்கத் தெரிந்தவர் பட்டணத்திலேயே ஒருவர்தான். முத்துலட்சுமி வேறு, தரையில் கை வைத்தால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாளாம்.

கடை வாசல் போயிற்று. வேறொரு மேஸ்திரி வழவழவென்று சிமிட்டி பூசிவிட்டுப் போனார். அதைச் சொன்னவர்களிடம் கரீமுல்லா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வாட்டம் வுட்டானா இல்லியா, அத்த சொல்லு." அச்சு மறுபடியும் கட்டிலுக்கடியில் போயிற்று. எவன்டா போட்டான் என்று இப்போதும் கேட்கிறார். கேட்டுவிட்டு, முன்போல் இல்லாமல், ஒரு நொடி வாயை மூடிக்கொள்கிறார்.

கார்த்திகையில் ஒரு பகல் வேளை, ராயப்பேட்டையில் கைவேலையாக இருந்தவர், வானம் உடைத்துக்கொண்டதும் கரணையைப் போட்டுவிட்டு நனைந்துகொண்டே தியாகராய நகருக்கு நடந்தார். முற்றத்தில் தண்ணீர் மேற்கே பாய்ந்துகொண்டிருந்தது. விசாலாக்ஷி அம்மாள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தார்.

"யாரு... மேஸ்திரியா?" ஓட்டின்மேல் விழுகிற மழையில் அந்தக் குரல் பாதிதான் கேட்டது. "தண்ணி வரதா?"

"வரல சார். மேக்கால போய்க்கினு கீது."

"நெஜமா? சத்தம் கிட்டக்க கேக்கறதே. வரதா?"

"வரவே வராது சார். நான் சொல்றேன் இல்ல?"

பிறகு மறுபடியும் அதே கேள்வி: "வரதா?"

அதுவரை அந்தப் படியைத் தாண்டியதில்லை கரீமுல்லா. தயங்கினார். "உள்ள வாங்கோ" என்றது குரல். தலைத்துண்டைப் பிழிந்து காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பாய் பழையபடி வாசல் பக்கம் போடப்பட்டிருந்தது, இப்போது தலைமாடு படியை ஒட்டி. அதன் பக்கத்தில், வெறும் தரையில், கன்னம் தரையில் படப் படுத்துக்கொண்டார். பஞ்சாபகேசனின் நல்ல கையை எடுத்து, விரல்களை மெல்ல விரித்து, வாசல்படியின் தேய்ந்த நடுவில் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டார். படி காய்ந்திருந்தது.